போராட்டப் பாட்டைப் படித்து வேலைக்குப் போக முடியுமா? அடிக்கடி வரும் கேள்விகள்

வருடம் தவறாமல் சேர்க்கை நேரத்தில் மாணவர்கள் இதே கேள்விகளோடு வருகிறார்கள். சில சமயம் அவர்களுடைய அப்பா அம்மாவும் கூடவே வருகிறார்கள். நான் சமூகவியல் பாடம் நடத்துகிறேன். என் ஆய்வு வேலைநிறுத்தங்களில் பாடப்பட்ட பாட்டுகள் பற்றியது. தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதி வைத்திருக்கிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்திலிருந்து வரும். அந்தப் பாட்டுகளைப் பற்றி நிறைய ஆய்வு நடந்திருக்கிறது என்பது ஒரு காரணம். பெர்னிஸ் ஜான்சன் ரீகன் என்று ஒரு பாடகி அங்கே இருந்தார் என்பது இன்னொரு காரணம்.

இப்படி ஒரு துறை உண்மையிலேயே இருக்கிறதா?

இருக்கிறது. ஆனால் வாசலில் அந்தப் பெயர்ப்பலகை இருக்காது. சமூகவியல், மானுடவியல், வரலாறு, ஊடகவியல், நாட்டார் வழக்காற்றியல், எத்னோமியூசிகாலஜி எனப்படும் இன இசையியல் என்று பல துறைகளில் ஆட்கள் சிதறிக் கிடக்கிறார்கள். மாநாட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் எந்தத் துறை என்று கேட்டால்தான் தெரியும்.

ரேடியோவில் வரும் பாட்டை ஆய்வுக்குரிய பொருளாகப் பல்கலைக்கழகங்கள் ஏற்றுக்கொண்டதே தாமதமாகத்தான். பிரிட்டனில் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் 1964இல் தொடங்கிய சமகாலப் பண்பாட்டு ஆய்வு மையம், இளைஞர்களின் உடையும் பாட்டும் பேச்சும் படிக்கத் தகுந்தவைதான் என்றது. அமெரிக்காவில் செர்ஜ் டெனிசாஃப் என்ற சமூகவியலாளர் 1971இல் வெகுசன இசைக்கென்றே ஓர் ஆய்விதழ் தொடங்கினார். 1981இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகம் இன்னோர் இதழைக் கொண்டுவந்தது. இந்த ஆய்வாளர்களுக்கான சர்வதேச சங்கமும் அதே வருடம்தான் உருவானது. முதல் தலைமுறைப் பேராசிரியர்கள் இப்போதுதான் ஓய்வு பெற்று முடித்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெகுசன இசை என்றால் சினிமாப் பாட்டா, நாட்டுப்புறப் பாட்டா?

இந்த எல்லைக்கோட்டை வைத்து ஆய்வேட்டில் முதல் அத்தியாயம் முழுக்க எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் ஆர்வமில்லை. தேவாலயப் பாட்டு வேலைநிறுத்தத்துக்கு வருகிறது, அங்கிருந்து இசைத்தட்டுக்குப் போகிறது, இசைத்தட்டிலிருந்து ஊர்வலத்துக்குத் திரும்பி வருகிறது. எந்த இடத்தில் நிறுத்தி 'இது நாட்டார் பாடல், இது வெகுசன இசை' என்று முத்திரை குத்துவீர்கள்? பாட்டு போன வழியைப் பின்தொடருங்கள், பெயரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

நீங்கள் எப்போதும் சொல்லும் அந்த ரீகன் யார்?

1942இல் ஜார்ஜியா மாநிலத்தில், ஆல்பனி ஊரை ஒட்டிய கிராமப்புறத்தில் பிறந்தவர். அப்பா பாப்டிஸ்ட் போதகர். அவர்களுடைய தேவாலயத்தில் வெகுகாலம் பியானோ கிடையாது. கையும் காலும்தான் தாளம். 1961இல் ஆல்பனியில் நிறப் பிரிவினைக்கு எதிரான போராட்டம் தொடங்கியபோது, அங்கிருந்த கறுப்பினக் கல்லூரியில் இசை படித்துக்கொண்டிருந்தார். ஊர்வலத்துக்குப் போனார், கைதானார், கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டார்.

அந்த நாட்களில் நடந்த ஒரு சின்ன விஷயத்தை அவர் பிற்பாடு சொல்லியிருக்கிறார். ஊர்வலம் முடிந்து எல்லோரும் தேவாலயத்தில் கூடியிருக்கிறார்கள். அவரைப் பாட்டெடுக்கச் சொல்கிறார்கள். அவர் எடுத்தது ஒரு பழைய பக்திப் பாட்டு. தலைக்கு மேலே காற்றில் துயரம் தெரிகிறது என்று வரும். பாடிக்கொண்டே போகையில் 'துயரம்' வரவேண்டிய இடத்தில் 'விடுதலை' என்று போட்டுவிட்டார். கூட்டம் அப்படியே வாங்கிப் பாடியது. சின்ன வயதிலிருந்து காதில் விழுந்த பாட்டெல்லாம் தன்னுடையவைதான், தேவைக்குத் தக்கபடி அவற்றைத் திருப்பிக்கொள்ளலாம் என்று அன்றைக்குத்தான் அவருக்குப் புரிந்தது. ஒரே ஒரு சொல்லை மாற்றியதில் அவருடைய ஆய்வு வாழ்க்கை ஆரம்பித்தது என்றுகூடச் சொல்வேன்.

1962இல் மாணவர் அகிம்சை ஒருங்கிணைப்புக் குழுவுக்காக நிதி திரட்ட ஃப்ரீடம் சிங்கர்ஸ் என்ற நால்வர் குழுவில் சேர்ந்தார். ஒரு காரில் ஏறி ஒன்பது மாதத்தில் சுமார் 50,000 மைல் சுற்றினார்கள். 1963 ஆகஸ்டில் வாஷிங்டன் பேரணியிலும் பாடினார்கள். நடுவே கல்யாணம், பிறகு குழந்தைகள். விட்டுப்போன படிப்பை அட்லாண்டாவில் முடித்து 1970இல் பட்டம் வாங்கினார். 1973இல் ஸ்வீட் ஹனி இன் த ராக் என்ற பெண்கள் குழுவைத் தொடங்கினார். அவர்களுக்கு வாத்தியம் கிடையாது, குரல் மட்டும். 1975இல் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். தலைப்பு, 1955 முதல் 1965 வரையிலான உரிமைப் போராட்டத்தின் பாட்டுகள். சிறைக்குள் தான் பாடியதையே ஆய்வுப்பொருளாக மேசையில் எடுத்து வைத்தவர்.

ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் நீண்ட காலம் வேலை பார்த்தார். 1989இல் மெக்கார்தர் நல்கை கிடைத்தது. கறுப்பினத் தேவாலய இசை பற்றி 26 பகுதிகள் கொண்ட வானொலித் தொடர் ஒன்றைத் தயாரித்தார். அமெரிக்கன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகவும் இருந்தார். 2024 ஜூலையில் 81 வயதில் காலமானார்.

இந்த வரிசையை மாணவர்களிடம் கவனிக்கச் சொல்வேன். முதலில் சிறை, அப்புறம் கார், அப்புறம் குழந்தைகள், முப்பது தாண்டித்தான் முனைவர் பட்டம். 23 வயதில் நெட் என்ற கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வு தவறிப்போனதற்காக அழுதுகொண்டு வருகிறவர்களுக்கு இதைத்தான் சொல்லி அனுப்புகிறேன்.

பாட்டு வரிகளை எடுத்து விளக்கம் எழுதினால் அது ஆய்வு இல்லையா?

நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஒரு வேலைநிறுத்தப் பந்தலில் நாற்பது பாட்டுகள் சேகரித்து, வரி வரியாகத் தட்டச்சு செய்து, உவமை, எதிர்ப்புணர்வு, வர்க்க உணர்வு என்று அடுக்கி நெறியாளரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்தது. ஓரத்தில் ஒரே ஒரு கேள்வி: 'இதில் கை தட்டியது யார்?' எனக்குப் பதில் தெரியவில்லை. பந்தலில் பதினோரு நாள் உட்கார்ந்திருந்தும் அதைக் கவனிக்கவே இல்லை.

டெனிசாஃபும் அவருடைய சக ஆய்வாளர் ஒருவரும் இதை வேறு விதமாகக் காட்டினார்கள். 1965இல் அமெரிக்காவில் போர், அணுகுண்டு, நிறவெறி எல்லாவற்றையும் திட்டும் ஒரு பாட்டு விற்பனையில் முதலிடத்துக்கு வந்தது. வானொலி நிலையங்கள் சில அதைத் தடை செய்தன. இளைஞர்களைக் கெடுக்கிறது என்று பெரியவர்கள் கொதித்தார்கள். இவர்கள் நேராகக் கல்லூரி மாணவர்களிடம் போய், அந்தப் பாட்டு என்ன சொல்கிறது என்று கேட்டார்கள். முழுதாகச் சரியாகச் சொன்னவர்கள் ஒரு சிறு பகுதிதான். மற்றவர்களுக்கு அரைகுறை, அல்லது அதுவும் இல்லை. பலருக்கு மெட்டுதான் போய்ச் சேர்ந்திருந்தது. வரிகளை மட்டும் வைத்து 'இந்தப் பாட்டு ஒரு தலைமுறையையே உலுக்கியது' என்று எழுதும் கட்டுரைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஆய்வு நினைவுக்கு வரும்.

நம்மூரிலும் ஒன்று உண்டு. சுதந்திரப் போராட்டக் காலத்து நாடக மேடையில், வள்ளி திருமணம் நடக்கும்போது, விஸ்வநாத தாஸ் கொக்கைப் பற்றிப் பாடுவார். காகிதத்தில் பார்த்தால் பறவைப் பாட்டு. அந்த வெள்ளைக் கொக்கு யார் என்று தரை டிக்கெட்டுக்காரருக்கும் தெரியும், ஓரமாக நிற்கும் போலீசுக்கும் தெரியும். வரிகளை மட்டும் படிக்கும் ஆய்வாளர் கொக்கு வகைகளைப் பற்றித்தான் எழுத முடியும். பாடியவர் பலமுறை சிறைக்குப் போனவர் என்பது வரியில் இல்லை.

'நாம்', 'நாங்கள்' பற்றி வகுப்பில் நிறையப் பேசுவீர்களாமே?

யார் சொன்னது என்று தெரியவில்லை, ஆனால் உண்மை. உலகம் முழுக்கத் தெரிந்த 'வீ ஷால் ஓவர்கம்' பாட்டு, இந்தியில் 'ஹம் ஹோங்கே காம்யாப்' என்று நம் பள்ளிகளில் பாடுகிறோமே, அது 'நான்' என்ற சொல்லோடுதான் பிறந்தது. 1945-46இல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் சுருட்டு ஆலை வேலைநிறுத்தத்தில், பெரும்பாலும் கறுப்பினப் பெண்கள் இருந்த மறியலில், அந்தத் தேவாலயப் பாட்டைப் பாடினார்கள். அங்கிருந்து டென்னசியில் இருந்த ஹைலேண்டர் என்ற தொழிலாளர் பயிற்சிப் பள்ளிக்குப் போனது. அங்கிருந்து 1960இல் மாணவர் இயக்கத்துக்கு வந்தது. இந்தப் பயணத்தில் 'நான்' போய்ப் பன்மை வந்து உட்கார்ந்துவிட்டது.

எல்லோரும் இதை வளர்ச்சி என்பார்கள். ரீகனுக்குச் சந்தேகம் உண்டு. கறுப்பின மக்களின் கூட்டுப் பாட்டு மரபில், எல்லோரும் சேர்ந்திருப்பதைச் சொல்ல ஒவ்வொருவரும் 'நான்' என்பார்கள். ஐந்து பேர் 'நான்' என்றால் ஐந்து பேர் நிற்கிறார்கள் என்று தெரியும். பன்மையில் பாடினால் நாளைக்கு மறியலுக்கு யார் வருவார் என்று எப்படித் தெரியும்? இதைத்தான் அவர் கேட்டார்.

இதைத் தமிழில் யோசித்துப் பாருங்கள். நமக்கு இன்னும் ஒரு சிக்கல் உண்டு. 'நாம்' என்றால் கேட்கிறவரும் உள்ளே, 'நாங்கள்' என்றால் அவர் வெளியே. போலீஸ் முன்னால் பாடும்போது எது, பக்கத்துத் தெருக்காரரைக் கூப்பிடும்போது எது? அமெரிக்கர்களுக்கு இந்தக் கேள்வியே வராது. பந்தலில் நான் சேகரித்த பாட்டுகளில் ஒரே பாட்டைக் காலையில் 'நாங்கள்' என்றும் மாலையில் 'நாம்' என்றும் பாடியிருந்தார்கள். காலையில் எதிரே மேலாளர், மாலையில் எதிரே குடும்பத்தார். தட்டச்சு செய்யும்போது எழுத்துப்பிழை என்று நினைத்து இரண்டையும் ஒன்றாக்கிவிட்டேன். இதையெல்லாம் இப்போதுதான் தைரியமாகச் சொல்ல முடிகிறது.

பாட்டு எதையாவது மாற்றியிருக்கிறதா? நேர்மையாகச் சொல்லுங்கள்.

நேர்மையாகச் சொன்னால், பாட்டு மட்டும் தனியாக எதையும் மாற்றியதாக நிரூபிக்க முடியாது. ஜெர்மானியத் தத்துவவாதி அடோர்னோ போன்றவர்கள் இன்னும் கடுமையாகப் பேசினார்கள். விற்பனைக்காகச் செய்யப்பட்ட இசைக்குள் வியட்நாம் போர் எதிர்ப்பைப் போட்டால் அந்தக் கொடுமையும் ரசிக்கும் பொருளாகிவிடுகிறது என்பது அவர் கட்சி. கேட்க எரிச்சலாக இருந்தாலும் பாதி சரி.

கலிஃபோர்னியாவில் வில்லியம் ராய் என்ற சமூகவியலாளர் ஒரு நல்ல ஒப்பீடு செய்தார். 1930களிலும் 40களிலும் அமெரிக்க இடதுசாரிகள் நாட்டுப்புற இசையை எடுத்துக்கொண்டார்கள். கிட்டார், நல்ல குரல்கள், கருத்துள்ள வரிகள், எல்லாம் இருந்தன. மேடையில் இவர்கள் பாட, கீழே மக்கள் கேட்டார்கள். அந்த இசை படித்த வெள்ளையரைத் தாண்டி அதிகம் போகவில்லை. உரிமைப் போராட்டத்தில் மேடையும் கீழும் என்ற பிரிவே மங்கிப்போனது. கூட்டத்தில், சிறையில், ஊர்வலத்தில் எல்லோரும் பாடினார்கள். இசையை என்ன செய்தார்கள், யாரோடு சேர்ந்து செய்தார்கள் என்பதில்தான் வித்தியாசம் இருந்தது என்று ராய் முடிக்கிறார். எனக்கு இதைவிட நல்ல பதில் இதுவரை கிடைக்கவில்லை.

ரீகன் சொன்ன இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கூட்டம் நடக்கும் தேவாலயத்துக்குள் போலீஸ் வந்து நிற்கும். பேச்சு தடுமாறும். யாராவது ஒரு பாட்டெடுத்தால் அந்த இடத்தின் காற்று மாறிவிடும். போலீஸ் நிற்கலாம், ஆனால் அந்தக் காற்று அவர்கள் வசம் இருக்காது. இதை அட்டவணையில் போட முடியாது. அதற்காக நடக்கவில்லை என்று ஆகிவிடுமா?

சுரம், தாளம் தெரிய வேண்டுமா?

தெரிந்தால் நல்லது. தெரியாவிட்டாலும் காது வேண்டும். சார்ல்ஸ் சீகர் என்ற இசையியலாளர் 1958இல் ஒரு வேறுபாட்டைச் சொன்னார்: எப்படிப் பாட வேண்டும் என்று சொல்லும் குறியீடு ஒன்று, எப்படிப் பாடினார்கள் என்று காட்டும் குறியீடு வேறு. உங்களுக்குத் தேவை இரண்டாவது. மூச்சு எங்கே வாங்கினார்கள், கூட்டம் எங்கே சேர்ந்துகொண்டது, வேகம் எங்கே ஏறியது. இதற்குக் கட்டம் போட்ட நோட்டும் பென்சிலும் போதும்.

என்ன படிக்க வேண்டும்? எத்தனை வருடம்? பணம்?

சமூகவியல், மானுடவியல், வரலாறு, இசை, தமிழ், எதில் முதுகலை முடித்திருந்தாலும் வரலாம். இந்தியாவில் முனைவர் படிப்புக்குக் குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஆறு. நடைமுறையில் ஐந்தாவது வருடம்தான் எல்லோரும் வேகம் பிடிப்பார்கள். நெட் தேர்வு வழியாக ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. தேர்வில் 'போராட்டப் பாட்டு' என்று பாடம் கிடையாது. உங்கள் முதுகலைப் பாடத்தில் எழுதி, உள்ளே போய் தலைப்பை மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

பல்கலைக்கழகத்தின் பெயரைவிட நெறியாளர் முக்கியம். 'பாட்டெல்லாம் பிஎச்டியா?' என்று புருவம் தூக்குகிறவரிடம் ஐந்து வருடம் ஓட்ட முடியாது.

தமிழில் இதை யார் செய்திருக்கிறார்கள்?

இங்கே ஒரு வேடிக்கை. நம்மிடம் இதைத் தொடங்கி வைத்தவர்களில் முக்கியமானவர்கள் பல்கலைக்கழகச் சம்பளம் வாங்காதவர்கள். நா. வானமாமலை பள்ளிக்கூட வாத்தியார் வேலையை விட்டு, பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்தியவர். நாட்டார் பாடல்களையும் கதைப்பாடல்களையும் தொகுத்து, ஊரில் ஓர் ஆய்வுக் குழுவை உட்காரவைத்து, 1969இல் 'ஆராய்ச்சி' என்ற இதழையும் தொடங்கினார். பாட்டுக்குப் பின்னால் நிலமும் சாதியும் கூலியும் இருக்கின்றன என்று தமிழில் அழுத்திச் சொன்னவர் அவர்.

தியடோர் பாஸ்கரன் தபால் துறை அதிகாரி. தேசிய இயக்கக் காலத்து நாடகப் பாட்டு, கிராமஃபோன் தட்டு, சினிமா எல்லாவற்றையும் அரசியல் வரலாறாகப் படித்து 1981இல் புத்தகமாக்கினார். மேலே சொன்ன கொக்குப் பாட்டின் உலகம் நமக்குத் தெளிவாகத் தெரிவதற்கு அவருடைய உழைப்பும் ஒரு காரணம். இலங்கை மலையகத்தில் சி.வி. வேலுப்பிள்ளை தொழிற்சங்கத்திலும் இருந்தார், 1947இல் நாடாளுமன்றத்துக்கும் போனார், தோட்டத் தொழிலாளர் பாட்டுகளையும் தொகுத்தார். அவருக்கு இவை மூன்றும் ஒரே வேலையாகத்தான் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

ஆ.இரா. வேங்கடாசலபதி தெருமுனையில் காலணாவுக்கு விற்ற குஜிலிப் பாட்டுப் புத்தகங்களை வரலாற்றுச் சான்றாக எடுத்துக் காட்டினார். ரயில் விபத்து, கொலை, விலைவாசி எல்லாம் அந்தப் பாட்டுகளில் உண்டு. வெளியிலிருந்து வந்தவர்களில் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தின் ஜோயி ஷெரினியனைச் சொல்ல வேண்டும். மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் இருந்த தியோபிலஸ் அப்பாவு, தலித் கிறித்தவர்களுக்காக நாட்டுப்புற மெட்டில் பாட்டு கட்டியவர். பாடுகிறவர்கள் தங்கள் தேவைக்கு அதை மாற்றிக்கொள்ளலாம் என்பது அவருக்கு முக்கியம். ஷெரினியன் அவரைப் பற்றி எழுதிய நூல் 2014இல் வந்தது. படிக்கும்போது ஆல்பனியில் ஒரு பெண் 'துயரம்' என்பதை 'விடுதலை' ஆக்கியது தானாக நினைவுக்கு வரும்.

செய்யாதது இன்னும் நிறைய. 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழுவின் முதல் கச்சேரி நடந்தது. பறையும் கானாவும் ராப்பும் ஒரே மேடையில். மேடையில் இருந்தவர்களைப் பற்றிக் கட்டுரைகள் வந்துகொண்டே இருக்கின்றன. கீழே நின்று ஆடியவர்களைப் பற்றி யாராவது எழுதுங்களேன்.

சினிமாப் பாட்டை எடுத்துக்கொள்ளலாமா?

தாராளமாக. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் தஞ்சை விவசாயிகள் இயக்கத்திலிருந்து வந்தவர், 29 வயதில் 1959இல் இறந்துபோனார். அவருடைய வரி திரையில் நாயகன் வாய்க்குப் போனதும் அது யாருடைய பாட்டு? எழுதியவருடையதா, பாடிய குரலுடையதா, வாயசைத்தவருடையதா, டீக்கடையில் முணுமுணுத்தவருடையதா? ஒரு நடிகரின் அரசியலுக்கு அடிக்கல் ஆன பாட்டை எதிர்ப்புப் பாட்டு என்று சொல்லலாமா, ஆதரவுப் பாட்டு என்று சொல்ல வேண்டுமா? இரண்டு பக்கமும் ஆதாரம் கிடைக்கும். அதனால்தான் நல்ல தலைப்பு.

பாப் டிலன்?

வேண்டாம். அவருடைய ஆவணங்களுக்கென்று டல்சா நகரத்தில் ஒரு மையமே 2022இல் திறந்துவிட்டார்கள், வரிசையில் உங்களுக்கு முன்னால் ஆயிரம் பேர் நிற்கிறார்கள்.

நடுநிலையாக இருக்க முடியுமா? வேலைக்கு ஆபத்து வருமா?

மேலே சொன்ன சார்ல்ஸ் சீகர் 1912இல் பெர்க்லியில் இசைப் பேராசிரியர் ஆனவர். முதல் உலகப் போரை எதிர்த்துப் பேசியதால் அங்கே நிலைக்க முடியவில்லை. அவர் மகன் பீட் சீகர் பாடகர். நாடாளுமன்ற விசாரணைக் குழுவுக்குப் பதில் சொல்ல மறுத்ததற்காக 1961இல் தண்டனை பெற்றார், மறுவருடம் மேல்முறையீட்டில் அது ரத்தானது. நம்மூரில் 2015 அக்டோபரில் மதுவிலக்குக் கோரிப் பாடிய கோவன் தேசத்துரோகப் பிரிவில் கைது செய்யப்பட்டார்.

இப்படியெல்லாம் நடக்கும்போது ஆய்வாளர் எங்கே நிற்பது? பாடியவர்மேல் பற்று இருப்பதில் தவறில்லை, அதை மறைக்கத்தான் கூடாது. ரீகன் மறைக்கவில்லை. ஆனால் பிடித்த இயக்கத்தின் பாட்டு யாருக்கும் போய்ச் சேரவில்லை என்று தரவு சொன்னால் அதையும் எழுத வேண்டும். எனக்கு இதனால் இரண்டு நட்புகள் போயின.

பாடியவருக்கு வரும் ஆபத்தை முதலில் நினையுங்கள். ஒலிப்பதிவில் பெயர் இருக்கும், குரல் இருக்கும், கூட்டத்தில் யார் யார் இருந்தார்கள் என்பதும் இருக்கும். பதிவு செய்யும் முன் கேளுங்கள், வெளியிடும் முன் மறுபடி கேளுங்கள். 'இதை அணைத்துவிடு' என்றால் அந்த நொடியே அணையுங்கள். அணைத்த பிறகுதான் நல்ல பாட்டு வரும், அது இந்தத் தொழிலின் சாபம்.

பாட்டு வரிகளை நூலில் மேற்கோள் காட்டலாமா?

இந்தியச் சட்டத்தில் ஆய்வுக்கும் விமர்சனத்துக்கும் நியாயமான அளவில் எடுத்தாளலாம். ஆனால் வெளிநாட்டுப் பதிப்பகங்கள் பயந்தவை. இரண்டு வரிக்குக்கூட அனுமதிக் கடிதம் கேட்கும், கட்டணத்தை உங்கள் தலையில் கட்டும். அதனால்தான் இந்தத் துறையில் பல நூல்கள் பாட்டைச் சுற்றிச் சுற்றி வந்து வரியைச் சொல்லாமலே முடிகின்றன. சார்ல்ஸ்டன் ஆலைப் பெண்கள் பாடிய அந்தப் பாட்டுக்கே 1960களிலிருந்து பதிப்புரிமை இருந்தது. வழக்கு நடந்து 2018 ஜனவரியில்தான் பொதுச்சொத்து ஆனது. பதிப்புரிமைப் பணம் ஹைலேண்டர் வழியாக நல்ல காரியங்களுக்குத்தான் போனது என்பதையும் சொல்ல வேண்டும். கதை அத்தனை எளிதல்ல.

படித்து முடித்தால் என்ன வேலை?

பேராசிரியர் வேலை குறைவு, அதைச் சொல்லாமல் யாரையும் சேர்த்துக்கொள்வதில்லை. ஆவணக்காப்பகம், அருங்காட்சியகம், வானொலி, ஆவணப்படம், பதிப்பகம், இதழியல் என்று போகிறார்கள். ரீகனே ஸ்மித்சோனியனில் ஏறக்குறைய இருபது வருடம் கழித்துத்தான் பேராசிரியர் ஆனார். சென்னையில் ரோஜா முத்தையா நூலகத்தில் பழைய பாட்டுப் புத்தகங்கள் இருக்கின்றன. ஒரு கோடை விடுமுறை அங்கே உட்கார்ந்து பாருங்கள். தூசிக்குத் தும்மல் வந்தாலும் மறுநாள் போகத் தோன்றினால் மேலே பேசலாம்.

கடைசியாக ஒன்று: உங்களுக்குப் பாட வருமா?

வராது. பந்தலில் என்னையும் பாடச் சொன்னார்கள். ஒரு வரி பாடினேன், சிரித்துவிட்டார்கள். கைதட்டச் சொன்னார்கள்.